கரடிப் பொம்மைக்குக் கண் தைப்பது

கைக்குழந்தைக்கென்று விற்கும் கரடிப் பொம்மை ஒன்றை எடுத்து அதன் கண்ணை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் மணியோ பொத்தானோ தட்டுப்படாது. கறுப்பு நூலால் தைத்த ஒரு வட்டம், அதன் மேலோரத்தில் வெள்ளை நூலில் ஒரு பொட்டு, அவ்வளவுதான் கண். விலை கூடிய பொம்மையிலும் இப்படித்தான் இருக்கும். செலவை மிச்சம் பிடிக்கச் செய்ததல்ல இது.

ஆதியில் இப்படி இல்லை. ஜெர்மனியின் கீங்கன் ஊரில் மார்கரெட்டே ஸ்டைஃப் தொடங்கிய பொம்மை நிறுவனத்துக்காக அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்ட், கை கால் அசையும் கரடி ஒன்றை 1902-ல் வடிவமைத்தார். அங்கோரா ஆட்டின் ரோமத்தில் செய்த துணிதான் அக்காலக் கரடிகளுக்குத் தோல். பூட்ஸ் பொத்தான்தான் கண். பிறகு கம்பியில் கோத்த கண்ணாடிக் கண்கள் வந்தன. எதையும் கடித்து இழுக்கிற வயதில் கம்பியும் கண்ணாடியும் வாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1948-ல் பிரிட்டனில் வெண்டி பாஸ்டன் என்ற பொம்மைத் தயாரிப்பாளர், துணியின் உட்புறம் மரை வைத்து இறுக்கும் பிளாஸ்டிக் கண்ணைக் கொண்டுவந்தார். நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் கண் என்பது தனியாக மாட்டப்பட்ட ஒரு பொருளாகவே இருந்தது.

இன்று பொம்மைகளைப் பரிசோதிக்கும் கூடங்களில் ஒரு சிறு குழாய் வைத்திருப்பார்கள். உள்விட்டம் 31.7 மி.மீ. அடிப்பாகம் சாய்வானது, ஒரு பக்கம் ஆழம் 25.4 மி.மீ., எதிர்ப்பக்கம் 57.1 மி.மீ. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் வாயையும் தொண்டையையும் மனத்தில் வைத்து வகுத்த அளவு இது. பொம்மையிலிருந்து கழன்று வரும் துண்டு இந்தக் குழாய்க்குள் முழுதாக அடங்கிவிட்டால், அந்தப் பொம்மை அந்த வயதுக்கு ஆகாது. கழல்கிறதா என்று பார்ப்பதற்காக இழுப்பார்கள், திருகுவார்கள். ஐரோப்பிய விதிப்படி 6 மி.மீ.க்கு மேற்பட்ட கண்ணை 90 நியூட்டன் விசையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 9 கிலோ எடையை அதில் தொங்கவிடுவதற்குச் சமம். மரை தாங்கிவிடும். மெல்லிய பின்னல் துணி தாங்குமா என்பதுதான் சந்தேகம். கண்ணைச் சுற்றியுள்ள ஓட்டை நைந்து பெரிதானால் மரையோடு சேர்ந்து கண்ணும் வந்துவிடும். கழல்வதற்கென்று எதுவுமே இல்லாதபடி நூலாலேயே தைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

வேறொரு தலைவலி இருக்கிறது. பனியன் துணியில் அச்சடித்தாற்போல் விழும் அதே கறுப்பு வட்டத்தை, அதே எம்ப்ராய்டரி மெஷினில், அதே நூலில், புசுபுசுவென்ற ஃபர் துணியில் தைத்துப் பாருங்கள். மெஷினிலிருந்து எடுக்கும்போது சுமாராகத்தான் இருக்கும். கையால் இரண்டு முறை தடவினால் வட்டத்தின் ஓரம் சிதையும்; உள்ளேயிருந்து பழுப்பு ரோமம் நூலுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். ஒருமுறை துவைத்தால் கரடிக்குக் கண்புரை விழுந்துவிடும். குழந்தையின் பெயர் தைத்த போர்வை, மருத்துவமனையின் பெயர் தைத்த டர்க்கி டவல், சின்னம் தைத்த வெல்வெட் மேசைவிரிப்பு எல்லாவற்றிலும் இதே கதைதான். துணி மென்மையாக இருப்பதற்கு எது காரணமோ, அதுவேதான் தையல் கெடுவதற்கும் காரணம்.

புசுபுசுத் துணிகள் எல்லாவற்றிலும் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, கீழே இருக்கும் நெய்த அல்லது பின்னிய தளம். மற்றொன்று, அதிலிருந்து மேல்நோக்கி நிற்கும் ரோமம். அந்த ரோமத்தை நிறுத்தும் வழிகள்தான் வேறு வேறு. வெல்வெட்டை இரண்டு துணிகளாக முகத்துக்கு முகம் வைத்து நெய்வார்கள். இரண்டுக்கும் இடையே போய்வரும் இழைகளைக் கத்தி ஒன்று நடுவில் அறுத்துக்கொண்டே போக, இரண்டு வெல்வெட் கிடைக்கும். டர்க்கி டவலில் இழைகள் அறுபடாமல் வளையங்களாகவே நிற்கும். ஃபிளீஸ் துணியில் பின்னிய பிறகு கம்பித் தூரிகைகளால் சீண்டி இழைகளைக் கிளப்பி விடுவார்கள். பொம்மைக்கும் குழந்தைப் போர்வைக்கும் இப்போது அதிகம் போவது மிங்கி எனப்படும் வகை. பாலியெஸ்டரில் பின்னிய தளம், அதன்மேல் இரண்டு மூன்று மி.மீ. உயரத்துக்குக் கத்தரித்த நுண்ணிழை.

அந்த இழை எவ்வளவு நுண்ணியது? நூல்காரர்கள் டெனியர் என்ற அளவால் சொல்வார்கள். 9000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். ஒரு டெனியர் பாலியெஸ்டர் இழையின் விட்டத்தைக் கணக்குப் போட்டால் சுமார் 10 மைக்ரான், அதாவது ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு வருகிறது. நம் தலைமுடி அதைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு தடிமன். இந்த மெலிவுக்கும் மென்மைக்கும் இடையே உள்ள கணக்குதான் சுவாரசியமானது. ஓர் இழையை வளைக்க வேண்டிய விசை, அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வளைக்கும் விசை பாதி ஆவதில்லை, பதினாறில் ஒன்றாகிறது. ஒரு முனை ஊன்றி மறுமுனை தனித்து நிற்கும் இழை என்றால் நீளமும் சேர்ந்துகொள்ளும்: நீளம் இரட்டித்தால் நுனியைச் சாய்க்கும் விசை எட்டில் ஒன்றாகக் குறையும். மெல்லிய, நீண்ட இழைகள் லட்சக்கணக்கில் நிற்கும் துணியில் கன்னத்தை வைத்தால் எந்த இழையும் எதிர்ப்பதில்லை. அதைத்தான் தோல் மென்மை என்று உணர்கிறது.

இனி எம்ப்ராய்டரி நூலைப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் ஓடுவது 40-ஆம் எண் நூல். துணிமேல் படுத்தால் அகலம் ஏறத்தாழ 0.4 மி.மீ. அதனால்தான் ஒரு வரித் தையலுக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 0.4 மி.மீ. என்று மென்பொருள்களில் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள். வரிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு படுக்கும், துணி தெரியாது என்பது கணக்கு. தட்டையான துணியில் இந்தக் கணக்கு தப்புவதில்லை. ஆனால் ஒரு நூலின் அகலத்தில் நாற்பது ரோம இழைகள் பக்கம் பக்கமாக நிற்க இடம் இருக்கிறது. உருண்டையான இரண்டு நூல்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு நெருக்கினாலும் ஒரு பள்ளம் இருக்கும். அமுங்கிய பாலியெஸ்டர் இழை நிமிரப் பார்க்கும். அதன் இயல்பு அது. துணியைத் தடவும்போதும் அலசும்போதும் கிடைக்கும் ஒவ்வொரு அசைவிலும் சில இழைகள் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்து வெளியே வந்துவிடும். ஒருமுறை வந்த இழை திரும்ப உள்ளே போவதில்லை.

புதிதாக மெஷின் வாங்கியவர்கள் முதலில் செய்வது, தையலை நெருக்குவது. 0.4-ஐ 0.3 ஆக்குவார்கள், போதாதென்று 0.2 ஆக்குவார்கள். இதைவிடத் தவறான மருந்து வேறு இல்லை என்பது என் கட்சி. 10 மி.மீ. விட்டமுள்ள கண்ணை 0.4 இடைவெளியில் நிரப்ப 25 வரிகள், சுமார் 20 செ.மீ. நூல் போதும். 0.2 என்றால் 50 வரிகள். ஊசி போட்ட ஓட்டைகளும் இரட்டிப்பு. வழக்கமான 75-ஆம் எண் ஊசியின் விட்டம் 0.75 மி.மீ. கண்ணின் ஓரத்தில் 0.2 மி.மீ.க்கு ஒருமுறை அந்த ஊசி இறங்கினால் ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தபால்தலை ஓரம் கிழிவதுபோல வட்டமே தனியாகக் கழன்று வரும். முனை மழுங்கிய, பின்னல் துணிக்கென்றே உள்ள ஊசி இழையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு இறங்கும் என்பதால்தான் சாதாரண நெருக்கத்திலாவது துணி பிழைக்கிறது. இத்தனையும் தாங்கி நின்றால்கூட, மிருதுவான கரடியின் முகத்தில் அட்டை ஒட்டியதுபோல விறைப்பாக ஒரு கண் இருக்கும். ரோமமோ அப்போதும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

நூலைக் கூட்டுவதில் பயனில்லை. நூல் படுப்பதற்கு ஒரு தரை வேண்டும். ரோமத்தின் நுனிகள் மேல் விழும் நூலுக்குத் தரையே இல்லை. இந்தத் துறையில் இதற்காகக் கண்டுபிடித்த உபாயங்கள் பல. எல்லாமே தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ ஒரு தரை போடும் வேலைதான்.

முதல் உபாயம் தண்ணீரில் கரையும் ஷீட். மெல்லிய, நிறமற்ற பிளாஸ்டிக் தாள் போலிருக்கும். தைக்கும் முன் துணிமேல் இதை விரித்துவிட்டால் ரோமம் அதற்கடியில் படிந்துவிடுகிறது. ஊசி அதைத் துளைத்துக்கொண்டு தைக்கும். நூல் வழவழப்பான தாளின் மேல் படுக்கும். வேலை முடிந்ததும் தையலுக்கு வெளியே இருக்கும் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் தொட்டு ஒற்றினால் கரைந்து போய்விடும். சலவை சோப்பு நிரப்பி விற்கும் கரையும் பொட்டலங்களின் உறையும் இதே பொருள்தான்: பாலிவினைல் ஆல்கஹால், சுருக்கமாக பிவிஏ.

இந்த பிவிஏ-யின் வேதியியல் கொஞ்சம் குறும்பானது. பெயரைப் பார்த்தால் வினைல் ஆல்கஹால் மூலக்கூறுகளைக் கோத்துச் செய்தது என்று தோன்றும். ஆனால் வினைல் ஆல்கஹால் நிலைத்து நிற்பதில்லை. செய்த மாத்திரத்தில் அசிட்டால்டிஹைடாக மாறிவிடும். ஜெர்மனியில் வேதியியலாளர்கள் ஹெர்மானும் ஹெயினலும் 1924-ல் சுற்றுவழியாக இதை அடைந்தார்கள். தச்சர்கள் மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசையில் இருக்கும் பாலிவினைல் அசிட்டேட்தான் தொடக்கப் பொருள். அந்தச் சங்கிலியில் தொங்கும் அசிட்டேட் தொகுதிகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு, அந்த இடங்களில் ஹைட்ராக்சில் தொகுதிகளை நிறுத்தினால் கிடைப்பது பிவிஏ. ஹைட்ராக்சிலுக்குத் தண்ணீர் பிடிக்கும். ஆகவே எல்லா அசிட்டேட்டையும் வெட்டிவிட்டால் நன்றாகக் கரையும் என்றுதானே நினைப்போம்? நேர் எதிராக நடக்கிறது. 98, 99 சதவீதம் வெட்டிய பிவிஏ குளிர்ந்த நீரில் கரையாது. கொதிநிலையை நெருங்கும் வெந்நீர் வேண்டும். 88 சதவீதத்தில் நிறுத்திய பிவிஏ குழாய்த் தண்ணீரிலேயே கரைந்துவிடும்.

காரணம் இதுதான். அசிட்டேட் எதுவும் இல்லாத சங்கிலிகள் ஒழுங்காகப் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. ஒரு சங்கிலியின் ஹைட்ராக்சில் அடுத்த சங்கிலியின் ஹைட்ராக்சிலோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டு இறுகிவிடுகிறது; தண்ணீர் நுழைய இடமில்லை. அங்கங்கே பருமனான அசிட்டேட் மிஞ்சியிருந்தால் அந்த அடுக்கு குலைகிறது. குலைந்த இடத்தில் தண்ணீர் புகுந்து சங்கிலிகளைப் பிரித்துவிடுகிறது. ஆக, தண்ணீரை விரும்பாத பகுதி கொஞ்சம் மிச்சமிருப்பதால்தான் தாள் கரைகிறது. இன்னொரு பக்கம், கியோட்டோவில் சகுராடா இச்சிரோவின் ஆய்வுக்குழுவினர் 1939-ல் இதே பிவிஏ-யைத் தண்ணீரில் கரையாத இழையாக்கிக் காட்டினார்கள். அந்தக் குழுவிலிருந்த கொரியரான ரி சுங்-கி பிறகு வட கொரியாவுக்குப் போனார். அந்த இழையில் நெய்த துணியைத்தான் அந்நாட்டு மக்கள் பல பத்தாண்டுகள் உடுத்தினார்கள். ஒரே மூலக்கூறு குடும்பம் ஓரிடத்தில் சட்டை, இன்னோரிடத்தில் தண்ணீர் பட்டால் காணாமல் போகும் தாள்.

கரைந்துபோகும் தரையில் தைப்பது புதிய யோசனையும் அல்ல. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் வட்டாரத்தில் 1880களிலேயே பட்டுத்துணியின் மேல் பருத்தி நூலால் எம்ப்ராய்டரி செய்து, பிறகு காஸ்டிக் சோடா போன்ற ரசாயனத்தில் போட்டுப் பட்டைக் கரைத்துவிடுவார்கள். பட்டு புரதம், காரத்தில் கரையும். பருத்தி செல்லுலோஸ், தாங்கும். எஞ்சிய நூல் மட்டும் லேஸாகக் கையில் வரும். பட்டை அழித்து லேஸ் செய்கிற ஆடம்பரம் இப்போது இல்லை. அந்த இடத்தை பிவிஏ பிடித்துக்கொண்டது.

நம் ஊர் வானிலைக்கு ஓர் எச்சரிக்கை: இந்த ஷீட் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகையில் திறந்து வைத்தால் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏசி அறையில் நாள்கணக்கில் காய்ந்தால் மொறமொறவென்று ஆகி ஊசி பட்ட இடத்தில் கிழியும். மூடிய பிளாஸ்டிக் பைதான் அதற்கு இடம். கரைந்த பிறகு எங்கே போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். கரைவது வேறு, மட்குவது வேறு. பழக்கப்பட்ட நுண்ணுயிர்கள் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் பிவிஏ சிதையும். சாக்கடையில் நேராக விட்டால் அந்த உத்தரவாதம் இல்லை. தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியிலும் இது பெருமளவில் கலப்பதால் நெசவாலைக் கழிவுநீரில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. எம்ப்ராய்டரிக்காரர் ஒருவர் கரைக்கும் துண்டு அதன் முன் சொற்பம். ஆனாலும் தேவைக்கு மேல் விரிக்காதிருப்பது நல்லது.

ஷீட்டின் பலவீனம் அதன் பலத்திலேயே இருக்கிறது. அது போய்விடுகிறது. தைக்கும் நேரத்தில் ரோமத்தை அமுக்கிக் கொடுத்த தரை முதல் அலசலில் கரைந்தபின், நூலுக்கடியில் மாட்டிக்கொண்ட ரோமத்தை நூல் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். டர்க்கி டவலின் குட்டை வளையங்களுக்கு அது போதும். மூன்று மி.மீ. ரோமத்துக்குப் போதாது. அதற்கு, நிரந்தரமாகத் தங்கும் ஒரு தரை வேண்டும்.

அதைத்தான் வலைத்தையல் செய்கிறது. கண்ணைத் தைக்கும் முன், துணியின் நிறத்திலேயே நூல் போட்டு, கண்ணைவிடச் சற்றுப் பெரிய பரப்பில், ஒரு மி.மீ. ஒன்றரை மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக லேசான தையல் ஒன்றை ஓட்டுவார்கள். வைக்கோல் போரின் மேல் காற்றுக்காகக் கயிறு கட்டுவார்களே, அதே வேலை. துணி நிறத்து நூல் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் ரோமம் படிந்து சற்றுப் பள்ளமாக இருக்கும். நூலும் சில விநாடிகளும்தான் செலவு. பலன் பெரிது. ஏன் என்பதற்கு மேலே சொன்ன நீளக் கணக்கே விடை. மூன்று மி.மீ. நீளத்தில் தன்னிச்சையாக ஆடிக்கொண்டிருந்த இழையை வலைநூல் நடுவில் ஓரிடத்தில் அமுக்கிவிட்டால், ஆடக்கூடிய நீளம் பாதியாகிறது. அசைக்க எட்டு மடங்கு விசை வேண்டியதாகிறது. அதன்மேல் படுக்கும் கறுப்பு நூலின் பள்ளத்தைத் தேடி நிமிர அந்த இழைக்கு இனி எளிதில் முடியாது. ஷீட்டும் வலையும் சேர்ந்தால்தான் பொம்மைக் கண் வருடக்கணக்கில் நிற்கும். ஒன்றைத்தான் செய்வேன் என்பவருக்கு நான் சொல்வது வலை.

இதுவரை மேல்புறம். கீழ்ப்புறத்தில் நடப்பது கண்ணில் படுவதில்லை என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. மெஷின் தையலில் இரண்டு நூல்கள். ஊசிநூல் மேலிருந்து வருகிறது. பாபின் நூல் கீழே காத்திருக்கிறது. ஊசி அடிவரை இறங்கி, பிறகு இரண்டு மி.மீ. அளவு மேலே ஏறும் கணத்தில், துணியின் பிடிப்பால் நூல் கூடவே ஏற முடியாமல் ஊசியின் பக்கத்தில் ஒரு சிறு வளையமாகப் புடைக்கும். சுழலும் கொக்கி அந்த வளையத்துக்குள் நுழைந்து, அதை பாபினைச் சுற்றி இழுத்துவந்து பூட்டுப் போடுகிறது. நிமிடத்துக்கு எண்ணூறு, ஆயிரம் முறை இது நடக்கிறது. வளையம் உண்டாக, ஊசி ஏறும்போது துணி அசையாமல் கிடக்க வேண்டும். தடித்த புசுபுசுத் துணியோ ஊசியோடு சேர்ந்து எழும்பிக்கொண்டு வரும். வளையம் உருவாகாது, கொக்கி வெறுங்கையோடு திரும்பும், தையல் விட்டுப்போகும், அல்லது அடியில் நூல் சிக்கிக் கூடு கட்டிவிடும். வேகத்தை ஐந்நூறு அறுநூறுக்குக் குறைப்பதும், அழுத்தும் பாதத்தின் உயரத்தைத் துணியின் தடிமனுக்கு ஏற்றாற்போல் வைப்பதும் இதற்காகத்தான்.

துணியைச் சட்டத்தில் இறுக்குவதிலும் சங்கடம். ஃப்ரேமின் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஃபர் துணியை வைத்துத் திருகினால் ரோமம் நசுங்கி, எடுத்த பிறகும் வட்டத் தழும்பு தெரியும். தளம் பின்னல் துணியாதலால் இழுத்து மாட்டினால் நீளும். அந்த நிலையில் தைத்துவிட்டுக் கழற்றினால் துணி சுருங்கும், தையல் சுருங்காது, சுற்றிலும் மடிப்பு விழும். அனுபவஸ்தர்கள் துணியை மாட்டுவதே இல்லை. அடிக்கு வைக்கும் தடித்த பேப்பரை மட்டும் ஃப்ரேமில் இறுக்கி, அதன்மேல் துணியை லேசாகப் பசை தெளித்து மிதக்கவிட்டு, சுற்றிலும் ஒரு கட்டம் தைத்துப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பேப்பரும் கிழித்தெடுக்கும் வகையாக இருக்கக் கூடாது. கத்தரித்துவிட்டு உள்ளேயே விட்டுவிடும் வகையாக இருக்க வேண்டும். நீளும் துணிக்கு ஆயுள் முழுக்கத் துணை தேவை.

இத்தனைக்குப் பிறகும் வட்டம் வட்டமாக வராது. ஒவ்வொரு தையலும் இரு முனைகளிலும் துணியை உள்நோக்கி இழுக்கிறது. வரிகள் சேரச்சேர, அவற்றுக்குக் குறுக்கே வெளிநோக்கித் தள்ளுகிறது. இடவலமாகத் தைத்த வட்டம் அகலம் குறைந்து உயரம் கூடி முட்டை வடிவாகிவிடும். எனவே டிசைன் செய்பவர் திரையில் வேண்டுமென்றே எதிர்த்திசையில் நீண்ட முட்டையை வரைகிறார். துணியில் அது வட்டமாக விழுகிறது. எவ்வளவு நீட்ட வேண்டும் என்பது துணிக்குத் துணி மாறும். ரோமம் சாயும் திசையும் கணக்கில் வரும். ஃபர் துணியை ஒரு பக்கம் தடவினால் வெளிறியும் மறுபக்கம் தடவினால் கறுத்தும் தெரியும், அல்லவா? இழைகள் ஒளியைப் பக்கவாட்டில் பிரதிபலிக்கின்றனவா, நுனியைக் காட்டி விழுங்குகின்றனவா என்பதன் வேறுபாடு அது. கரடியின் முகத்தில் இரண்டு துண்டுகளை வேறு வேறு திசையில் வெட்டிவிட்டால், ஒரே நூலில் தைத்த இரண்டு கண்களும் இரண்டு விதமாகத் தெரியும்.

இந்த அறிவு எதுவும் மெஷினுக்குக் கிடையாது. டிசைனை மெஷினுக்குச் சொல்வதற்குப் பெரும்பாலான தொழிற்கூடங்களில் புழங்கும் டிஎஸ்டி கோப்பில் ஒரு தையலுக்கு மூன்று பைட். இடவலமாக எத்தனை, மேல்கீழாக எத்தனை நகர வேண்டும் என்பது மட்டும் 0.1 மி.மீ. கணக்கில் அதில் இருக்கும். ஒரு தாவலுக்கு 12.1 மி.மீ.தான் உச்சம். இங்கே நூல் மாற்று, இங்கே நிறுத்து என்ற குறிகள் உண்டு. நூல் என்ன நிறம் என்பது இல்லை. துணி பனியனா ஃபரா என்பதும் இல்லை. பனியனுக்குச் செய்த கோப்பைப் போட்டால் மெஷின் மறுபேச்சில்லாமல் அதையே ஃபரிலும் தைக்கும். நம் ஊர்களில் டிசைன் செய்வதை இன்றும் பஞ்சிங் என்பார்கள். அட்டையில் ஓட்டை போட்டு எம்ப்ராய்டரி மெஷினை இயக்கிய காலத்துப் பேச்சு அது. அந்தப் பஞ்சிங்காரர் துணியைத் தொட்டுப் பார்த்தாரா என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. இணையத்தில் நூறு ரூபாய்க்கு வாங்கிய டிசைன் ஃபரில் சொதப்புவதற்கும் அதுவே காரணம்.

ஒரு தையல் கூடத்தில் கேட்ட பேச்சு. பிறந்தநாளுக்குப் போர்வையில் பேத்தியின் பெயர் தைக்க வந்த பெரியம்மாவுக்கு, மூலையில் அடக்கமாக, மெல்லிய எழுத்தில் வேண்டும்.

“இன்னும் கொஞ்சம் சின்னதாப் போடலாமே தம்பி?”

“போடலாம்மா. ஆனா முழுகிடும். இந்த ஃபர்ல எழுத்து தடியா இருந்தாத்தான் நிக்கும்.”

தையல்காரர் சொன்னது சரி. கோட்டின் ஓரத்துக்கு ஓரம் நெருக்கமாகப் போய்வரும் சாட்டின் தையலில் ஒன்றரை மி.மீ.க்குக் குறைந்த கோடுகள் ரோமத்துக்குள் இறங்கிக் காணாமல் போகும். ஆங்கில எழுத்தாவது நேர்கோடுகளோடு சமாளிக்கும். நம்முடைய ‘ணி’, ‘ஞா’ போன்றவற்றின் சுழிகளுக்குள் ரோமம் புகுந்தால் எழுத்து வெறும் திட்டாகிவிடும். தமிழில் பெயர் வேண்டுமென்றால் அளவைத் தாராளமாகக் கொடுங்கள், அடியில் வலை போடச் சொல்லுங்கள்.

போர்வை விஷயத்தில் பின்புறமும் முக்கியம். பொம்மையின் கண்ணுக்குப் பின்னால் பஞ்சு இருக்கிறது. போர்வையின் பின்னால் குழந்தையின் தோல் இருக்கிறது. முரட்டு அடிப்பேப்பரும் பாபின் முடிச்சுகளும் உறுத்தும். ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்குத் தாவிய நூலை வெட்டாமல் விட்டிருந்தால் ஆபத்தும் உண்டு: தளர்ந்த நூலோ முடியோ குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த அவசரநிலை. தாவிய நூலைக் கத்தரித்து, பின்புறத்தில் மெல்லிய துணி ஒன்றை இஸ்திரி சூட்டில் ஒட்டித் தருவார்கள். கேட்டு வாங்க வேண்டும். அந்த இஸ்திரியை முன்புறம் வைக்கக் கூடாது. பாலியெஸ்டர் ரோமம் சூட்டில் படிந்தால் பிறகு எழாது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முதலில் அதைப் பாருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கென்றால் மணிக்கண் வைத்த பொம்மையைத் தவிருங்கள். தைத்த கண்ணாக இருந்தால் கட்டை விரலால் நாலைந்து முறை அழுத்தித் தேயுங்கள். கறுப்பின் நடுவே ரோமம் கிளம்பி வந்தால் அடியில் வலை இல்லை என்று பொருள். அந்தக் கண் துவைக்கத் துவைக்க மங்கும், ஆனால் கழலாது. தையலே உருவிக்கொண்டு வருகிறதென்றால், அந்தப் பொம்மையைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.